அப்பாவோட மூணாவது போரும் நான் போட்ட முக்கோணக் கோலமும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. "அப்படி என்னதான்யா ஆணி புடுங்கறே?"ன்னு கேக்கறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காப்பியோட உக்காருங்க.

எனக்கு வேலை, நிலத்தடி நீர் எப்படி ஓடுதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறது. ஹைதராபாத் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஹப்சிகூடாவில வீடு. என்.ஜி.ஆர்.ஐ. மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே வந்துடலாம். 1961-ல ஆரம்பிச்ச தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம்தான் அந்த என்.ஜி.ஆர்.ஐ. நான் அங்க வேலை பார்க்கலை. வேற ஒரு சின்ன கன்சல்டன்ஸியில பொட்டி தட்டறேன். ஸ்கந்தகிரி கோயில்ல நம்ம ஊர்க்காரங்க யாராவது பார்த்து "தம்பி என்ன பண்றீங்க?"ன்னு கேட்டா, தங்கமணி முந்திக்கிட்டு "ஐ.டி."ன்னு சொல்லிடுவாங்க. உண்மையைச் சொன்னா அடுத்த கேள்வி என்னன்னு அவங்களுக்குத் தெரியும். "அப்ப எங்க தோட்டத்துல எங்க போர் போட்டா தண்ணி வரும்?"

போன வருஷம் ஆவணி மாசம் அந்தக் கேள்வியை எங்கப்பாவே கேட்டுட்டாரு.

ஊரு ராசிபுரம் பக்கம். நாலு ஏக்கர் தோட்டம், ஒரு பழைய கிணறு, ரெண்டு போர். முதல் போர் 300 அடி, வறண்டு போச்சு. ரெண்டாவது 800 அடி, ஒரு மணி நேரம் ஓடுனா காத்துதான் வரும். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில போன்.

"ஏஞ்சாமி, வேலையா இருக்கறயா?"

"இல்லீங்கப்பா, சொல்லுங்க."

"மூணாவது போர் போட்டறலாம்னு இருக்கறேன். திருச்செங்கோட்டு வண்டிக்காரன் ஐப்பசிக்குள்ள வந்தர்றேங்கறான். ஆயிரத்தி எரநூறு அடி. நீ அதையேதான படிச்சிருக்கற? கம்ப்யூட்டர்ல பாத்து எந்த மூலையில போடலாம்னு சொல்லிப் போடு."

பணத்துக்கு? அம்மாவோட நகை. அதை அவர் சொல்லலை. சாயந்திரம் அம்மா தனியாப் போன் பண்ணிச் சொன்னாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே வாரம் ஆபீஸ்லயும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். ஹைதராபாத்துக்குத் தெற்கே, ஏர்போர்ட்டையும் தாண்டி, ஒரு சின்ன நீர்ப்பிடிப்புப் பகுதி. நாலு கிராமம். அங்க வேலை செய்யற ஒரு தொண்டு நிறுவனம் எங்ககிட்ட கேட்டது இதுதான்: "ரெண்டாம் போகம் நெல்லு போட்டா கோடை வரைக்கும் தண்ணி தாங்குமா?" அதுக்கு ஒரு மாடல் போடணும். மாடலுக்கு மெஷ் போடணும். எந்த சாஃப்ட்வேர்ல மெஷ் போடறதுன்னு முடிவு பண்ற பொறுப்பு என் தலையில.

மெஷ்னா என்னன்னு வீட்டுல ஒருத்தருக்கும் புரியலை. எங்கம்மாவுக்கு மட்டும் புரிஞ்சுது, ஏன்னா அவங்க கோலம் போடறவங்க. பூமிக்கு அடியில தண்ணி எல்லா இடத்துலயும் தொடர்ச்சியா இருக்கு. கம்ப்யூட்டருக்கு தொடர்ச்சி தெரியாது. அதுக்குப் புள்ளி வெச்சு, கட்டம் கட்டித்தான் குடுக்கணும். ஒவ்வொரு கட்டத்துக்கும் 'உள்ள வந்த தண்ணி, வெளியே போன தண்ணி, மிச்சம் எவ்வளவு'ன்னு கணக்கு. நேர்ப்புள்ளி வெச்சா சதுரம். ஊடுபுள்ளி வெச்சா முக்கோணம். அவ்வளவுதான் விஷயம். "அட, இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?"ன்னு அம்மா கேட்டாங்க :-)

நேர்ப்புள்ளிக் கோலத்துல பெரிய பேரு மாட்ஃப்ளோ. அமெரிக்க அரசோட புவியியல் ஆய்வுத் துறை 1984-ல வெளியிட்டது. காசு இல்லை, யாரும் எடுத்துக்கலாம். ஆரம்பத்துல அதுக்குச் செவ்வகக் கட்டம் மட்டும்தான் தெரியும். ஒரு கிணத்துப் பக்கத்துல கட்டத்தைச் சின்னதாக்கணும்னா, அந்த வரிசை முழுக்க, மாடலோட அந்தக் கடைசி வரைக்கும் சின்னதாகும். ஒரு பல்லுக்காக மொத்த சீப்பையும் மாத்தற கதை. 2013-ல வந்த யு.எஸ்.ஜி. பதிப்பும், 2017-ல வந்த மாட்ஃப்ளோ 6-ம் இந்தக் கஷ்டத்தைத் தீர்த்து வெச்சுது. இப்ப முக்கோணம், அறுகோணம், பெரிய சதுரத்துக்குள்ள குட்டிச் சதுரம், எது வேணாலும் குடுக்கலாம்.

ஊடுபுள்ளிப் பக்கம் நிறைய பேர் இருக்காங்க. ஜிமெஷ்னு ஒண்ணு, ஜ்யூசேன், ரெமாக்ல்னு ரெண்டு பேர் எழுதினது, இலவசம். ஜொனாதன் ஷுவ்சுக் எழுதின 'ட்ரையாங்கிள்' தட்டையான பரப்புல முக்கோணம் போடறதுல கில்லாடி. அதுக்காக 2003-ல வில்கின்சன் பரிசு வாங்கினாரு. ஆனா வணிகப் பொருள்ல சேர்த்து விக்கணும்னா அவர்கிட்ட அனுமதி வாங்கணும். முப்பரிமாணத்துல நான்முகி வேணும்னா பெர்லின்ல ஹாங் சி எழுதின டெட்ஜென். லாஸ் அலமாஸ் ஆய்வகத்தோட லாக்ரிட், நிலத்தடிக் கணக்குக்காரங்களுக்கு ரொம்ப நாள் பழக்கம். காசு குடுத்து வாங்கறதுன்னா ஃபீஃப்ளோ. மெஷ்ஷும் கணக்கும் ஒரே பொட்டியில கிடைக்கும்.

நான் எதை எடுத்தேன்னு நினைக்கறீங்க? ஜிமெஷ்ஷும் டெட்ஜென்னும். ஏன்? அழகு! பாறைக்குள்ள ஒவ்வொரு விரிசலையும் தனித்தனியா வரைஞ்சு, அதைச் சுத்தி நான்முகியா நிரப்பி, கலர் குடுத்துச் சுத்திக் காட்டினா... பார்க்கிறவங்க அசந்துடுவாங்க இல்ல? மூணு வாரம் ராப்பகலா உக்காந்தேன். பதினெட்டு லட்சம் கட்டம். தங்கமணிகிட்டக் காட்டினேன். "நல்லாருக்கு, கல்கண்டு மாதிரி"ன்னாங்க.

ஓட விட்டா ஓடலை. நான்முகியில ஒரு வியாதி உண்டு. நாலு மூலையும் கிட்டத்தட்ட ஒரே தளத்துல படுத்துக்கும், அப்பளம் மாதிரி. அதைச் 'சிலிவர்'னு சொல்லுவாங்க. ரெண்டு விரிசல் சின்னக் கோணத்துல வெட்டிக்கிற இடத்துல எல்லாம் இந்த அப்பளக் கூட்டம்தான். கணக்கு ஆட்டம் கண்டு நின்னுடும். அதையெல்லாம் ஒண்ணொண்ணா சரி பண்ணி ஒரு வழியா ஓட வெச்சேன். ஒரு தடவை ஓட ராத்திரி முழுக்க ஆச்சு.

காலையில பெருமையா மேடம்கிட்டக் காட்டினேன். குண்டூர்க்காரங்க, இருபத்தஞ்சு வருஷம் கிணறு கிணறா அலைஞ்சவங்க. படத்தைச் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. அப்புறம் கேட்டது ஒரே கேள்வி.

"இந்த விரிசல் எல்லாம் இங்கதான் இருக்குன்னு யாரு பார்த்தது?"

யாரும் பார்க்கலை. நான்தான் புள்ளியியல் கணக்கு வெச்சு இஷ்டத்துக்கு வரைஞ்சேன். அந்த ஊர்ல நீர்மட்டம் அளக்கறது மொத்தம் பதினொரு கிணத்துல. பதினொரு கிணத்துத் தகவலைப் பதினெட்டு லட்சம் கட்டத்துக்குப் பங்கு போட்டிருந்தேன். மேடம் திட்டலை. "நாளைக்கு ஃபீல்டுக்குப் போயிட்டு வா"ன்னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தாத் தேவலை.

அந்தப் பக்கம் மகேஸ்வரம்னு ஒரு ஊரு. இந்தத் துறையில இருக்கறவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பேரு. என்.ஜி.ஆர்.ஐ.யும் பிரான்ஸ் நாட்டு பி.ஆர்.ஜி.எம்.மும் சேர்ந்து 1999-ல தொடங்கின இந்தோ-பிரெஞ்சு நிலத்தடி நீர் ஆய்வு மையம், அங்க 53 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பை எடுத்து வருஷக் கணக்கா அளந்தாங்க. 700-க்கு மேல போர் இருந்த இடம். அவங்க கண்டுபிடிச்சதைச் சுருக்கமா சொல்றேன். மேல இத்துப்போன பாறை, ஏறக்குறைய 10-லிருந்து 20 மீட்டர். அதுக்குக் கீழே விரிசல் விட்ட பாறை, ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரைக்கும். தண்ணி குடுக்கறது முக்கியமா அந்த விரிசல் அடுக்குதான். அதுக்கும் கீழே பெரும்பாலும் கெட்டிக் கருங்கல். மேல் அடுக்கு, இறைச்சு இறைச்சே வறண்டு போச்சு.

இன்னொரு எண்ணு, அதுதான் என்னைத் தூங்க விடலை. அந்தப் பாறையில எடுக்கக்கூடிய தண்ணி, கன அளவுல 1.4 சதவீதம்தான். அதாவது நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினா, நமக்குக் கிடைச்ச தண்ணி 14 மில்லிமீட்டர் உசரம். ஒரு போகம் நெல்லுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல தண்ணி விடறோம். வகுத்துப் பாருங்க. அதுல ஒரு பங்கு திரும்ப மண்ணுக்குள்ளயே இறங்கிடும், அது நிஜம். அப்படி இறங்காம இருந்தா, ஒரு ஏக்கர் நெல்லு எழுபது ஏக்கருக்கு அடியில ஒரு மீட்டர் நீர்மட்டத்தைக் குடிச்சிடும்.

அன்னிக்கு ஃபீல்டுல ஒரு ரிக் வண்டி நின்னுச்சு. நம்பர் பிளேட்டைப் பார்த்தா டி.என். 34. திருச்செங்கோடு! இந்தியாவுல எந்த மூலைக்குப் போனாலும் நம்ம பக்கத்து ரிக் வண்டி நிக்கும்னு சொல்வாங்களே, அது பொய்யில்லை. பக்கத்துல போய் "அண்ணா, எந்த ஊருங்க?"ன்னேன். புழுதி அப்பின மூஞ்சியில ஒரு சிரிப்பு. பத்து நிமிஷம் ஊர்க்கதை. அப்புறம் கேட்டேன், "எத்தனை அடிங்கண்ணா?"

"தொள்ளாயிரம் ஆச்சுங்க. புகைதான் வருது. இன்னொரு நூறு ஓட்டச் சொல்றாரு."

"தண்ணி வருமுங்களா?"

"நாம அடிக்கணக்குங்க தம்பி. தண்ணி வந்தாலும் அடிக்குத்தான் காசு, வராட்டியும் அடிக்குத்தான் காசு. போடாதீங்கன்னு நாம எப்படிச் சொல்றது? அவருக்கு நம்பிக்கை இருக்குதுல்ல."

வரப்பு மேல அந்த விவசாயி குத்த வெச்சு உக்காந்திருந்தாரு. தலையில துண்டு. தெலுங்கு பேசற எங்கப்பா. அந்தப் பக்கம் பார்க்க முடியலை என்னால.

திரும்பி வந்து எல்லாத்தையும் கலைச்சேன். கேள்வியை ஒரு பேப்பர்ல எழுதினேன்: 'ரெண்டாம் போகம் போட்டா கோடை வரைக்கும் தண்ணி தாங்குமா?' இதுக்கு ஒவ்வொரு விரிசலும் தெரிய வேண்டியதில்லை. நாலு கிராமத்துக்கும் சேர்த்து வரவு செலவு தெரியணும். ரெண்டு அடுக்கு போதும். கிணறு நெருக்கமா இருக்கற இடத்துல, ஏரிக்கரையில, குட்டிக் கட்டம். மத்த இடத்துல பெரிய கட்டம். அதனால மாட்ஃப்ளோ 6, பெரிய சதுரத்துக்குள்ள குட்டிச் சதுரம். மெஷ் போடறதுக்கு மாடல்மியூஸ். அதுவும் அதே அமெரிக்கத் துறை குடுக்கறது, இலவசம்.

முக்கோணத்தையே நேரா மாட்ஃப்ளோவுக்குள்ள தள்ளியிருக்கலாமேன்னு தொழில் தெரிஞ்சவங்க கேப்பீங்க. அங்க ஒரு கண்ணி இருக்கு. ரெண்டு கட்டத்தோட நடுப்புள்ளியைச் சேர்க்கற கோடு, நடுவுல இருக்கற சுவரைச் செங்குத்தா, நட்ட நடுவுல வெட்டணும். இல்லைன்னா கணக்குல பிசகு வரும். முக்கோணத்துல இருந்து வொரோனோய் கட்டம் பண்ணிக்கிட்டா செங்குத்து தானா வந்துடும். ஃப்ளோபைங்கிற பைத்தான் தொகுப்புல அதுக்கு வழி இருக்கு. எக்ஸ்டி3டின்னு ஒரு திருத்தமும் மாட்ஃப்ளோ 6-லயே இருக்கு, ஆனா கணக்கு மெதுவாகும். சதுரத்தைக் குட்டிச் சதுரமா உடைச்சாக்கூட, பெரிசும் சின்னதும் ஒட்டற இடத்துல இந்தப் பிசகு கொஞ்சம் வரும். எங்க கேள்விக்கு அது தாங்கும்னு முடிவு பண்ணினேன்.

முடிவு பண்ணினதைச் சோதிக்கணும் இல்லையா? எல்லாக் கட்டத்தையும் பாதியாக்கி மறுபடி ஓட்டினேன். கோடைக் கடைசியில நீர்மட்டம் விரல்கடை அளவுதான் மாறிச்சு. அப்புறம் மெஷ்ஷைத் தொடாம, பாறையோட அந்த சதவீதத்தை மட்டும் ஒண்ணுல இருந்து ரெண்டாக்கினேன். ஆள் உசரத்துக்கு மாறிச்சு! யோசிச்சா ரொம்ப எளிசான கணக்குத்தான். வரவை விட 30 மில்லிமீட்டர் அதிகமா இறைச்சா, ஒரு சதவீதப் பாறையில மூணு மீட்டர் இறங்கும், ரெண்டு சதவீதப் பாறையில ஒண்ணரை மீட்டர். இந்த வித்தியாசத்தை எந்த மெஷ்ஷும் தீர்க்காது. மூணு வாரம் நான் கோலத்தை அழகாக்கினதுக்குப் பதிலா, இன்னும் நாலு கிணத்துல பம்பு ஓட்டி அளந்திருந்தா அந்த எண்ணு பிடிபட்டிருக்கும். அந்த நாலு கிணத்து வேலையைத்தான் கடைசியில செஞ்சோம்.

இன்னொண்ணும் புரிஞ்சுது. அந்தத் தொண்டு நிறுவனத்துல இருக்கறது ஒரு பழைய லேப்டாப், அக்ரி படிச்ச ஒரு பொண்ணு. நாங்க போனதுக்கப்புறம் அடுத்த வருஷ மழையைப் போட்டு மாடலை ஓட்டப் போறது அந்தப் பொண்ணுதான். பதினெட்டு லட்சம் கட்டத்தைக் குடுத்திருந்தா திறக்கவே திறக்காது. லைசென்ஸ் போட்ட சாஃப்ட்வேர்ல குடுத்திருந்தா வாங்கக் காசு இருக்காது. இது ரெண்டு நிமிஷத்துல ஓடுது. ரெண்டாம் போகம் முழுக்க நெல்லு போட்டா தாங்காது, பாதிக்குப் பாதி மாத்துப் பயிர்னா தாங்க வாய்ப்பிருக்குன்னு, ரெண்டு சதவீதத்துக்கும் தனித்தனியாக் கணக்குக் காட்டிக் குடுத்துட்டோம்.

இப்ப அப்பா.

அவரோட கேள்வி வேற. 'எந்த மூலையில?' அதுக்கு நிஜமாவே ஒவ்வொரு விரிசலும் தெரியணும். அது எந்த மெஷ்ஷுலயும் இல்லை, எந்தக் கம்ப்யூட்டர்லயும் இல்லை. பாறையோட மின்தடையை அளந்து பார்க்கிற சர்வே ஓரளவு துப்பு குடுக்கும், உத்தரவாதம் குடுக்காது. ரெண்டு நாள் தள்ளிப் போட்டுட்டு போன் பண்ணேன்.

"அப்பா, எந்த மூலைன்னு என்னால சொல்ல முடியாதுங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"பின்ன என்னத்துக்குக் கண்ணு உன்னை அத்தனை தூரம் படிக்க வெச்சது?"

மக்களே, இதுக்கு என்ன பதில் சொல்றது? மகேஸ்வரத்துக் கதையைச் சொன்னேன். ரிக் வண்டி அண்ணன் சொன்னதைச் சொன்னேன். "நம்மூருப் பாறை வேறீங்கப்பா, 40 மீட்டர் கணக்கு அப்படியே நமக்குப் பொருந்தும்னு சொல்லலை. ஆழத்துல எங்கயாச்சும் ஒரு விரிசல் மாட்டலாம். ஆனா அதுல வர்ற தண்ணியும் மேல இருந்து இறங்குன மழைத் தண்ணிதான். கிணத்துல இல்லாதது ஆயிரத்தி எரநூறு அடியில தனியா ஊறாதுங்க. ஒரே ஒரு மழைக்காலம் பொறுங்க. கிணத்துலயும் ரெண்டு போர்லயும் வாரம் ஒருக்கா நீர்மட்டம் அளந்து எழுதுங்க. அதை வெச்சு எத்தனை தண்ணி இருக்குதுன்னு என்னால சொல்ல முடியும்."

இது நான் கண்டுபிடிச்ச யோசனை இல்லை. 2000-களில் அன்னிக்கு ஆந்திரப் பிரதேசத்துல ஏழு வறட்சி மாவட்டங்கள்ல விவசாயிங்களே மழையையும் போர் நீர்மட்டத்தையும் அளந்து, ஊர்க் கூட்டத்துல கணக்குப் போட்டு, என்ன பயிர் வைக்கறதுன்னு முடிவு பண்ணினாங்க. அந்தத் திட்டத்துக்குப் பேரு ஏ.பி.எஃப்.ஏ.எம்.ஜி.எஸ். எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் அதுல இருந்தாங்க.

அப்பா "பாக்கலாம்"னு வெச்சுட்டாரு. ரெண்டு வாரம் போனே இல்லை. அம்மா மட்டும் பேசினாங்க. தங்கமணி "நேராப் போய்ப் பேசிட்டு வாங்க"ன்னாங்க. லீவு போட்டுக் கிளம்பலாம்னு இருந்தப்ப, ஒரு சனிக்கிழமை வாட்ஸப்புல ஒரு போட்டோ வந்துச்சு. என் பையனோட பழைய நாலு கோடு நோட்டு, லீவுக்குப் போனப்ப விட்டுட்டு வந்தது. அதுல அப்பா கையெழுத்து. தேதி, கிணறு, போர் 1, போர் 2. கயித்துல கல்லைக் கட்டி, முழக்கணக்குல அளந்திருக்காரு! முழத்தை மீட்டராக்கத்தான் நான் எம்.டெக். படிச்சிருக்கேன் போல :-)

ஐப்பசியில ரிக் வண்டி வரலை. வர வேண்டாம்னு அவர்தான் சொல்லியிருக்காரு. மஞ்சள் வைக்கறதா இருந்த ஒண்ணரை ஏக்கர்ல சொட்டு நீர் போட்டு மரவள்ளி நட்டிருக்காரு. நகை வீட்டுலதான் இருக்கு. இது வெற்றிக்கதைன்னு சொல்ல வரலை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆயிரத்தி நூறு அடி போட்டு, ஒண்ணரை இஞ்சு தண்ணி வந்துச்சாம். அப்பா அதை என்கிட்ட மூணு தடவை சொல்லிட்டாரு. "அடுத்த வருசம் அந்தத் தண்ணி எத்தனை நிக்குதுன்னு அவரையும் எழுதி வெக்கச் சொல்லுங்கப்பா"ன்னேன். "அதைய நீயே வந்து சொல்லு"ன்னாரு. பொங்கலுக்குப் போகணும்.

பி.கு.: மெஷ் சாஃப்ட்வேர் எதை எடுக்கறதுன்னு தேடி இங்க வந்த தொழில்காரங்களுக்கு மூணே கேள்வி. என்ன கேள்விக்குப் பதில் வேணும்? அளந்த தகவல் எத்தனை கையில இருக்கு? உங்களுக்கப்புறம் யார் அதைத் திறக்கப் போறாங்க? இந்த மூணுக்கும் பதில் எழுதிட்டா சாஃப்ட்வேர் பேரு தானா வந்துடும்.

மத்தவங்களுக்கு ஒரு கேள்வி. உங்க ஊர்ல கடைசியாப் போட்ட போர் எத்தனை அடி? இப்ப அதுல தண்ணி வருதா? ஊருக்குப் போன் பண்றப்ப கேட்டுட்டு வந்து சொல்லுங்க.